எட்டாம் புள்ளி

பள்ளிக்கூடத்தை மூடி ஐந்து வருஷம் ஆகிறது. தலத்தெரு மட்டும் மங்கையர்க்கரசியை இன்னும் டீச்சர் வேலையிலிருந்து விட்டபாடில்லை. பால் ஊற்றுகிறவர் டீச்சர் என்கிறார். நகராட்சி அலுவலகத்துக்கு ஒரு கையெழுத்துக்காகப் போனால், உள்ளே இருக்கிற மீசைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து டீச்சர் என்கிறார். அவரை இவர் எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை முட்டி போட வைத்திருக்கிறார். அதை இரண்டு பேருமே மறக்கவில்லை.

பதினெட்டு வருஷம் அறிவியல் எடுத்தவர். விடைத்தாளில் விடை சரியாகவே இருந்தாலும் அவருடைய சிவப்புப் பேனா சும்மா இருக்காது. ஓரத்தில் "காரணம்?" என்று ஒரு வார்த்தையை எழுதிவிட்டுத்தான் அடுத்த கேள்விக்கு நகரும். விடைக்கு ஒரு மார்க், காரணத்துக்கு இரண்டு மார்க். இந்தக் கணக்கில் கோட்டை விட்ட பிள்ளைகள் காரைக்காலில் ஏராளம். அதில் பாதிப் பேர் இன்றைக்கு நல்ல வேலையில் இருக்கிறார்கள், மீதிப் பேர் நல்லவர்களாக இருக்கிறார்கள். டீச்சரைத் திட்டுகிற ஆள் ஒருவர்கூட அகப்படவில்லை.

இப்போது அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். கம்ப்யூட்டரில் ஏதோ என்பார்கள். கரண்டு கண்டுபிடிக்கிறாங்களாம் என்பார் எதிர் வீட்டு பத்ருன்னிசா. எல்லாரையும் மிஞ்சியவர் டீச்சரின் கணவர் உத்திராபதிதான். மின்துறையில் மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். வீடு வீடாகப் போகிற மனிதர், போகிற வீட்டிலெல்லாம், "எங்க வீட்டம்மா சூரியனுக்குக் காய்ச்சல் பாக்குறாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். டீச்சருக்கு அதில் கொஞ்சம் கோபம், நிறையப் பெருமை.

விஷயம் இதுதான். வடக்கே வெகு தூரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் லாரி டயர் வடிவத்தில் பெரிய இரும்புக் கூடு ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, துளி ஹைட்ரஜன் வாயுவை விட்டு, மின்சாரம் பாய்ச்சி, சுவரில் படாமல் காந்தத்தால் பிடித்துக்கொண்டு லட்சக்கணக்கான டிகிரிக்குச் சூடேற்றுகிறார்கள். சூரியனுக்குள் நடக்கிற அணு இணைவை ஒரு நாள் தரையிலும் நடத்திக் கரண்டு எடுத்துவிடலாம் என்கிற ஆசை. அப்படிச் சூடேறிய வாயுவுக்குப் பிளாஸ்மா என்று பெயர். ஒரு தடவை ஏற்றினால் ஒரு விநாடிகூட நிற்காது. அந்த ஒரு தடவையை ஒரு ஷாட் என்பார்கள்.

அந்தச் சூட்டுக்குள் தெர்மாமீட்டரை விட்டால் தெர்மாமீட்டர்தான் ஆவியாகும். ஆகவே லேசர் ஒளியை உள்ளே அனுப்பி, அது சிதறி வருவதை நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் பத்து இடத்தில் பிடிக்கிறார்கள். சிதறிய ஒளியின் நிறம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்து அந்தந்த இடத்தின் சூட்டைச் சொல்லிவிடலாம். பத்து இடத்துக்குப் பத்துச் சேனல், பத்துப் பெட்டி, பத்து எண்.

அந்த எண்கள் வந்து சேர்கிற லட்சணம் இருக்கிறதே, அதற்குத்தான் டீச்சர் தேவைப்பட்டார். ஒரு கருவியின் கடிகாரம் முந்தும், இன்னொன்று பிந்தும். ஒரு சேனல் இரைச்சலில் தத்தளிக்கும். இன்னொன்று, உலகத்திலேயே இல்லாத குளிரைக் காட்டிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும். டீச்சர் எல்லாக் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்து, கெட்டதை நீக்கி, மிச்சப் புள்ளிகளைத் தாளில் நட்டு, அவற்றின் வழியே ஒரு வளைகோடு வரைந்து, எந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்றும் எழுதி அனுப்புவார். அதை வாங்கிக்கொண்டு, அதே பிளாஸ்மாவைக் கம்ப்யூட்டருக்குள் மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். அதுதான் சிமுலேஷன். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான் என்று டீச்சர் தன் வேலையைத் தானே குறைத்துச் சொல்லிக்கொள்வார். கல்லென்று நினைத்து அரிசியை எறிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அவரும் அப்போது யோசிக்கவில்லை.

வேலைக்குக் கூப்பிட்டவர் பேராசிரியர் நவநீதன். திருமலைராயன்பட்டினத்துப் பிள்ளை, டீச்சரிடம் எட்டாம் வகுப்பு படித்தவர், இன்றைக்குக் கல்லூரியில் இந்த ஆய்வுப் பிரிவுக்குத் தலைவர். பள்ளிக்கூடம் மூடியபின் டீச்சர் வீட்டில் ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தது அவர் காதுக்கு எட்டியதும், தானே வீடு தேடி வந்து, "எம்.எஸ்ஸி படிச்சிட்டு இப்படி இருக்கலாமா டீச்சர், என்கிட்ட வாங்க" என்று அழைத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து டீச்சர் அவரை சார் என்றார். அவர் டீச்சரை டீச்சர் என்றார். இதில் இரண்டு பேருக்கும் சௌகரியம் இல்லை, இரண்டு பேரும் மாற்றிக்கொள்ளவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், டீச்சர் அறைக்குள் வந்தால் நவநீதன் எழுந்து நின்றுவிடுவார். சார் நிற்கும்போது தான் எப்படி உட்காருவது என்று டீச்சர் உட்கார மாட்டார். டீச்சர் நிற்கிறாரே என்று சாரும் உட்கார மாட்டார். இரண்டே முக்கால் வருஷமாக அந்த அறையில் அவர்கள் பேசியதெல்லாம் நின்றுகொண்டு பேசியதுதான். நின்றுகொண்டே பேசினால் பேச்சு எவ்வளவு நீளும்? சரிங்க சார், சரிங்க டீச்சர் என்று முடிந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலும் அப்படித்தான் ஒரு பேச்சு முடிந்தது. எட்டாம் சேனலின் பெட்டி கோளாறாக இருக்கிறது, அதை விட்டுவிட்டு வரையுங்கள் என்றார் நவநீதன். சரிங்க சார் என்றார் டீச்சர்.

கீர்த்திகாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். போலகத்துப் பெண், நவநீதனிடம் ஆராய்ச்சி செய்கிற மாணவி, இது நாலாவது வருஷம். பிளாஸ்மாவின் ஓரத்திலிருந்து சூடு எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்று சிமுலேஷனில் கண்டுபிடிப்பது அவளுடைய வேலை. கசிவு அதிகமானால் அடுப்பு எரியாது, அதனால் அது பெரிய கேள்வி. டீச்சர் தயார் செய்து கொடுக்கிற வளைகோட்டை வைத்து அவள் ஓட்டுவாள். மிஷினில் உண்மையில் கசிந்தது ஒரு பங்கு என்றால், அவள் சிமுலேஷன் அதில் மூன்றில் ஒன்றுகூடக் காட்டாது. ஒரு வருஷமாக இதே கதை. நிரலை மாற்றினாள், கணக்கை மாற்றினாள், நாள் கணக்கில் கம்ப்யூட்டரை உருட்டினாள். எண் அசைந்து கொடுக்கவில்லை.

டீச்சருக்கு அந்தப் பெண் மேல் கொள்ளைப் பிரியம். தன் டிபன் பாக்ஸில் அவளுக்கும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டு வருவார். அவள் எலுமிச்சைச் சாதத்தில் வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்பது தெரிந்து, கடலையை இரண்டு கை கூடவே போடுவார். அப்படிப்பட்டவள் ஐப்பசி பிறந்ததும் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு, நாகூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர் வேலை வந்திருக்கிறது, போய்விடப் போகிறேன் என்றாள். கடிதம் அடித்து வைத்துவிட்டாளாம். திங்கட்கிழமை சாரிடம் கொடுத்துவிடுவாளாம். நாலு வருஷத்தில் எனக்கு அறிவு இல்லை என்பதைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க டீச்சருக்குத் தாங்கவில்லை. டீச்சர் வேலை ஒன்றும் மட்டமில்லை, ஆனால் அது உன்னைத் தோற்கடித்து அனுப்புகிற இடமாக இருக்கக் கூடாது என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தார். அவள் வேர்க்கடலையைக்கூடத் தொடாமல் டிபனை மூடிவிட்டாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று உத்திராபதி ஸ்கூட்டரில் வந்தார். மழை விடுகிற வரைக்கும் உள்ளே உட்காருங்கள் என்று காவலாளி சொன்னதால், சொட்டச் சொட்ட டீச்சரின் மேஜைப் பக்கம் வந்து நின்றார். இத்தனை நாளில் அவர் அந்த அறைக்குள் வருவது அதுதான் முதல் தடவை. சூரியனின் காய்ச்சல் எங்கே தெரிகிறது என்று கேட்டார். டீச்சர் திரையைக் காட்டினார். இடது பக்கம் நடு, வலது பக்கம் ஓரம், உயரம்தான் சூடு, ஒவ்வொரு புள்ளியும் ஒரு சேனல் என்று வகுப்பு எடுத்தார்.

முப்பது வருஷமாக மீட்டரைப் பார்த்த கண் அது. மனிதர் முதலில் எண்ணித்தான் பார்த்தார்.

"பத்துன்னு சொல்லுவே. ஒம்போதுதானே இருக்கு?"

"எட்டாவது கோளாறுங்க. சார் விட்டுடச் சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"நான் சேந்த புதுசுல."

உத்திராபதி சொட்டிக்கொண்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றி மூலையில் மாட்டினார். பிறகு, குறை சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லாமல், தன் வேலையைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார்.

"ரீடிங் எடுக்கப் போறப்ப வீடு பூட்டியிருந்தா டோர் லாக்குன்னு போட்டுட்டு சராசரி எழுதிட்டு வந்துடுவோம். அடுத்த தடவையும் போயி கதவைத் தட்டிப் பாக்கணும்ல. ஒரு தடவை டோர் லாக்குன்னு எழுதிட்டா, அந்த வீட்டுல ஆளே இல்லன்னு ஆயிடுமா?"

கதவு திறந்த செய்தி டீச்சருக்கு வந்திருந்தது. சேர்ந்து ஒரு மாதத்துக்குள், மிஷின் இருக்கிற ஊரிலிருந்து வழக்கமாக வருகிற பராமரிப்புப் பட்டியலில் இருபது வரிகளுக்கு நடுவே ஒரு வரி: எட்டாம் சேனலின் பெட்டி மாற்றப்பட்டது. அதை அவர் படித்தார். சாருக்கும் இதே பட்டியல் போகும், சேர்க்க வேண்டுமென்றால் சாரே சொல்வார், சொல்லாமல் நாமாகச் சேர்க்கக் கூடாது என்று நினைத்தார். நினைத்ததோடு மறந்தும் போனார்.

பத்து நிமிஷம் இருங்கள் என்று கணவரிடம் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். பழைய ஷாட் ஒன்றின் மூல அளவுகளைத் திறந்து எட்டாம் சேனலைச் சேர்த்தார். புள்ளி சுத்தமாக வந்து நின்றது. இன்னொரு ஷாட். அதிலும் அப்படியே. பத்து ஷாட்டைப் பார்த்துவிட்டார், ஒன்றில்கூட அது நொண்டவில்லை.

இதுவரைக்கும் அவர் வரைந்த கோடு ஏழாம் புள்ளியிலிருந்து ஒன்பதாம் புள்ளிக்கு நிதானமாகச் சரிந்து இறங்கும். இப்போது எட்டு வந்து உட்கார்ந்ததும் தெரிந்தது, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே சரிவே இல்லை. சூடு சமமாக வந்து, எட்டைத் தாண்டியதும் சடாரென்று விழுகிறது. டீச்சர் பிறந்தது விழிதியூரில். மேல் வயல் சமமாக வந்து வரப்போரத்தில் பொத்தென்று கீழ் வயலுக்கு இறங்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். வரப்பை விட்டுவிட்டு இரண்டு வயலையும் ஒரே கோட்டால் சேர்த்து வரைந்தால் சரிவாகத்தான் தெரியும். சூடு கசிவதே அந்த இறக்கத்தின் செங்குத்தைப் பொறுத்துத்தான். நிதானமான சரிவைக் கொடுத்துவிட்டு அதில் வெள்ளம் ஏன் வரவில்லை என்று ஒரு பெண்ணை ஒரு வருஷமாகத் தேட விட்டிருக்கிறார்கள்.

கோப்பில் எந்தச் சேனலை நீக்கினாலும் பக்கத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் வேண்டுமென்று அடம்பிடித்துச் சேர்த்தவரே டீச்சர்தான். அதில் எட்டாம் சேனலுக்கு நேரே "சார் சொன்னார்" என்று ஒரு தடவை எழுதிவிட்டு, அதையே மவுஸால் பிடித்துக் கீழே இழுத்திருக்கிறார். அறுநூற்றுச் சொச்சம் ஷாட்டுக்கும் அதே மூச்சில் சார் சொன்னார், சார் சொன்னார் என்று இறங்கிக்கொண்டே போனது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இப்படி எழுதியிருந்தால் அந்தத் தாளை வாங்கியிருக்கவே மாட்டார்.

சனிக்கிழமை டீச்சர் சமையல்கட்டுக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்தார். உத்திராபதியே உப்புமா கிண்டி எடுத்து வந்து வைத்தார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு மழையை வேடிக்கை பார்த்திருக்கலாம், நான் கேட்டிருக்கக் கூடாதோ என்றார்.

"நீங்க ஒருத்தராவது கேட்டீங்களே," என்று சொல்ல வந்த டீச்சர் பாதியில் நிறுத்தினார். "இல்லங்க. கீர்த்தி கேட்டா. ஓரத்துல அளவு சரியா இருக்கா டீச்சர்னு மூணு தடவை கேட்டா. அளவெல்லாம் சரிதான்ம்மா, நீ உன் கணக்கைப் பாருன்னு மூணு தடவையும் நான்தான் திருப்பி அனுப்புனேன்."

அவள் மூன்று தடவையும் நம்பிப் போனதுதான் டீச்சரைப் போட்டு அறுத்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பெண் சண்டை போட்டிருப்பாள். டீச்சர் சொன்னதால் தன் மூளையைச் சந்தேகப்பட்டாள்.

ஒளித்துவிட வழி இல்லாமல் இல்லை. இனி வருகிற ஷாட்டிலிருந்து எட்டைச் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த நினைப்பு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க டீச்சரை விட்டு நகரவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஐம்பத்தொரு வயசில், ஊரே எழுந்து நிற்கிற ஒருவருக்கு, நான் தப்பு செய்தேன் என்று தன் மாணவனிடமே போய்ச் சொல்வது லேசான காரியமா? ஆனால் கீர்த்திகா கடிதத்தைக் கொடுத்துவிட்டால் அவள் வாழ்நாள் முழுக்கத் தனக்கு அறிவு இல்லை என்றே நம்பிக்கொண்டிருப்பாள். அந்த எண்ணம் வந்ததும் மற்றதெல்லாம் சின்னதாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன்னாலேயே நவநீதனின் அறைக்குப் போனார். வழக்கம்போல் அவர் எழுந்து நின்றார்.

"உக்காருங்க சார். நானும் உக்காரணும். நின்னுக்கிட்டே சொல்ற விஷயம் இல்ல," என்றார் டீச்சர்.

இருவரும் உட்கார்ந்தார்கள். டீச்சர் ஒன்று விடாமல் சொன்னார். பட்டியலில் அந்த வரியைப் படித்ததையும், படித்துவிட்டுச் சும்மா இருந்ததையும், கீர்த்திகா கேட்ட மூன்று தடவையையும் சொன்னார். இழுத்து நிரப்பிய கட்டத்தை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தார், அதையும் மேஜையில் வைத்தார்.

நவநீதன் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு தன் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பைத் திறந்து திரையை டீச்சர் பக்கம் திருப்பினார். அது அவர் வைத்திருந்த சரிபார்ப்புக் குறிப்பு. எட்டாம் சேனல் ஏன் இல்லை என்பதற்கு நேரே அவர் கையால் அடித்தது: டீச்சர் பார்த்து நீக்கியது. அதற்குக் கீழே ஒவ்வொரு மாதத்துக்கும், மேலே கண்டபடி, மேலே கண்டபடி.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.

"பெட்டி மாத்துனது எனக்கும் தெரியும் டீச்சர்," என்றார் நவநீதன். "அப்புறமும் நீங்க சேக்கலைன்னதும், ஏதோ கண்டுபிடிச்சுத்தான் விட்டுருக்கீங்கன்னு நெனச்சேன். கேக்கலாம்னு ரெண்டு மூணு தடவ தோணுச்சு. உங்க பேப்பரை நான் திருத்துறதான்னு விட்டுட்டேன்."

இவர் காரணம் அவர். அவர் காரணம் இவர். நடுவே ஒரு புள்ளி இரண்டே முக்கால் வருஷமாகக் கேட்பாரில்லாமல் நின்றிருக்கிறது. தப்பு என்னுது என்று டீச்சர் சொல்ல, தலைவன் நான் என்னுதுதான் என்று நவநீதன் சொல்ல, கொஞ்ச நேரம் அதற்கே போட்டி நடந்தது. பந்தியில் நீங்க முதல்ல, நீங்க முதல்ல என்கிற மாதிரி இதிலும் மரியாதை பார்க்கிறோமே என்று டீச்சருக்கே பட்டு, பேச்சை நிறுத்தினார்.

அந்த நேரத்தில்தான் கீர்த்திகா கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் நாலாக மடித்த தாள். இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே தயங்கினாள். டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, நவநீதனை முந்திக்கொண்டு, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். உன் கணக்கில் பிழையே இல்லை, நாங்கள் கொடுத்த கோடுதான் பிழை என்றார்.

அவள் அழுவாள், கோபப்படுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்திருந்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. வரப்போடு வரைந்த புதுக் கோட்டை எடுத்துப் பார்த்தாள். விரலால் அந்தச் செங்குத்து இறக்கத்தைத் தடவினாள்.

"நான் மூணு தடவ கேட்டேன் டீச்சர்," என்றாள்.

"ஆமாம்மா. கேட்டே."

அவ்வளவுதான் பேச்சு. கீர்த்திகா எழுந்து, மடித்த தாளைக் கொடுக்கவும் இல்லாமல் கிழிக்கவும் இல்லாமல் கையில் பிடித்தபடியே போய்விட்டாள். மன்னித்துவிடு என்று கேட்கிற சந்தர்ப்பத்தைக்கூட அவள் டீச்சருக்குக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்ததாகவும், மாதக் கடைசிக்குள் சொல்வதாகப் பதில் சொன்னதாகவும் மறுநாள் நவநீதனிடம் தெரிவித்தாளாம். டீச்சரிடம் சொல்லவில்லை.

வேலை மட்டும் ஆரம்பமானது. அறுநூற்றுச் சொச்சம் ஷாட்டையும் திரும்பத் திறக்க வேண்டும். எட்டைச் சேர்த்துவிட்டால் போதும் என்று டீச்சர் விட்டுவிடவில்லை. ஒன்றில் ஏமாந்தவர், மற்ற ஒன்பதையும் மறுபடி பார்த்தார். சிலதில் எட்டாம் சேனல் நிஜமாகவே கெட்டிருந்தது, அதைக் காரணத்தோடு நீக்கினார். நவநீதன் தினமும் மத்தியானம் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து டீச்சர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். முதல் நாள் அவர் ஒரு தப்பைச் சுட்டிக் காட்டியபோது அவருக்கே காது மடல் சிவந்துபோனது. மூன்றாம் நாளே கூச்சம் விட்டு, இது சரியில்லை டீச்சர் என்று பட்டென்று சொல்ல ஆரம்பித்தார். டீச்சர் வீட்டுக்குப் போய் உத்திராபதியிடம், இன்றைக்கு நாலு இடத்தில் பிடித்தான் என்று பிள்ளை மார்க் வாங்கி வந்த மாதிரி சொன்னார்.

கீர்த்திகாவும் தினம் வந்தாள். டீச்சர் முடித்துக் கொடுக்கிற கோப்புகளை வாங்கிப்போய் ஓட்டினாள். வேண்டியதை மட்டும் பேசினாள். டிபனுக்கு வரவில்லை. டீச்சர் வேர்க்கடலை போட்டே கட்டிக்கொண்டு வந்தார், அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனார். நாள் நெருங்க நெருங்க, கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே, அந்தத் தாளைக் கொடுக்கத்தான் வருகிறாள் என்று டீச்சர் திரும்பிப் பார்த்தார். சிமுலேஷன் என்ன சொல்கிறது என்று கேட்கவும் வாய் வரவில்லை. நவநீதன்தான் சொன்னார், முதல் நூறு ஷாட்டில் எண்பதுக்கு மேல் கசிவு மிஷினோடு ஒத்துப்போகிறதாம், மிச்சத்தில் இன்னும் இடிக்கிறதாம். டீச்சருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒத்துப்போனது கணக்கு. அந்தப் பெண் ஒத்துப்போவாளா என்பது வேறு விஷயம்.

மாதத்தின் கடைசி நாளும் வந்தது. பத்தரை மணிக்குக் கீர்த்திகா உள்ளே வந்தாள். நாலாக மடித்த அதே தாள். டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவள் அதை மேஜையில் வைத்தாள், கொஞ்சம் நின்றாள், "பாருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜையில் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

டீச்சர் விரித்தார். சிவப்பு மையில், கையால் எழுதியது. இடிக்கிற ஷாட்டுகளின் எண்கள் பதினேழு, ஒன்றன் கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் டீச்சர் நீக்கியிருந்த சேனல் எது என்று குறித்து, அதற்கு எதிரே ஒரே வார்த்தை: காரணம்? பதினேழு தடவையும் அவள் அதை முழுதாக எழுதியிருந்தாள், ஒன்றைக்கூட இழுத்து நிரப்பவில்லை.

கேள்வி பின்பக்கமும் இருக்கிறதா என்று டீச்சர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் அச்சடித்த கடிதம் இருந்தது. ஆய்வைத் தொடர முடியாத நிலையில் இருக்கிறேன், விடுவிக்க வேண்டுகிறேன் என்று சாருக்கு எழுதியது. கீழே கையெழுத்துப் போட விட்டிருந்த இடம் வெறுமையாக இருந்தது.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தார். கீர்த்திகா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுடைய இடது கை டீச்சரின் டிபன் பையை எட்டித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டிருந்தது.

தாளைத் திரும்பச் சிவப்புப் பக்கத்துக்குத் திருப்பி, டீச்சர் முதல் கேள்விக்கு வந்தார். அந்த ஷாட்டில் மூன்றாம் சேனலுக்கு நேரே கட்டத்தில் "இரைச்சல்" என்று மட்டும் இருந்தது, எதை வைத்து அப்படி எழுதி நீக்கினோம் என்று அவருக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. பேனாவை எடுத்து அதையே எழுதினார்: காரணம் நினைவில் இல்லை, மறுபடி பார்க்கிறேன்.